காலைத் தட்டினால் வரும் குட்டி

என் அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவேன். தகரப் பட்டறையில் தண்ணீர்த் தொட்டி செய்கிறார், காது கேட்காது. கல்யாணம் ஆகவில்லை, என்னோடுதான் இருக்கிறார். பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு அதற்கு மேல் பேச வராது. எந்த மேடை, எத்தனை மணிக்கு என்று கேட்க வருகிறவர்கள் கூடவே மாமியாரின் முழங்கால் வலியையும் மகனின் பரீட்சையையும் சொல்வார்கள். "ஆறாவது மேடை, நாலரைக்கு. அடுத்து யாரு?" என்பேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதற்காக என்னை மெச்சிய அதிகாரிகள் உண்டு. இந்த ஒரு தடவை மட்டும் சுருக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

அண்ணனுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து காது போனது. எனக்கு அப்போது நாலு. அவருடைய பேச்சு அந்த ஒன்பது வயதோடு நின்று, பிறகு வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் ஒன்று கத்துவார், இல்லாவிட்டால் வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிடுவார். தெரியாதவர்களுக்குச் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். படிப்பும் நாலாவதோடு நின்றதால் எழுதிக் காட்டவும் கூச்சம். என் உதட்டசைவை மட்டும் தவறாமல் படிப்பார். ஆகவே கடைக்காரரிடமும் டாக்டரிடமும் பட்டறை முதலாளியிடமும் அவருக்காகப் பேசுகிறவள் நான்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாயை வைத்து இரண்டு பிள்ளைகள் பிழைத்தோம். நடுவில் எனக்கு ஒரு கல்யாணம் நடந்து நாலு வருஷத்தில் முறிந்தது. அது வேறு கதை, அதிலும் இந்த வாய்க்குப் பங்கு உண்டு.

பட்டறையில் அவரை எடுத்ததற்குக் காரணமே அந்தக் காதுதான். தொட்டிக்குள் ஒருவர் உட்கார்ந்து இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுக்க, வெளியே இருந்து மற்றவர்கள் சுத்தியலால் அடிப்பார்கள். உள்ளே இருப்பவனுக்கு மண்டை பிளந்துவிடும். அண்ணனோ உள்ளே உட்கார்ந்து கொட்டாவி விடுவார். "மேஸ்திரி உள்ள தூங்கிட்டாரா பாருடா" என்று கேலி செய்வார்கள். ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. முடித்த தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு பகல் முழுக்க வைத்து, இணைப்பு இணைப்பாக விரலால் தடவி, பொட்டு ஈரம் இல்லை என்று தெரிந்தால்தான் வண்டியில் ஏற்ற விடுவார். வாங்கிக்கொண்டு போகிறவரிடம் எப்படி வைப்பது, எப்போது கழுவுவது, எந்தப் பக்கம் கயிறு கட்டித் தூக்குவது என்று கையால் காட்டிக் காட்டிச் சொல்வார். நான் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் பக்கத்தில் நின்று, "சமதரையில வைக்கணுமாம்" என்பேன். வாங்க வந்தவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நாங்கள் குடியிருப்பது ஒரு மெத்தைக் கடையின் மாடியில். மரப்பலகை பாவிய தரை. அண்ணனைக் கூப்பிட வேண்டுமென்றால் காலால் தரையில் இரண்டு தட்டு. அதிர்வு அவர் உள்ளங்காலுக்குப் போகும், திரும்பிப் பார்ப்பார், அதன் பிறகுதான் பேச்சு. வாசல் மணியை அழுத்தினால் கூடத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். கீழே மெத்தைக் கடைக்காரர்தான் வீட்டுக்கும் சொந்தக்காரர். "ஏம்மா, மேல குதிரை ஏதாவது கட்டியிருக்கீங்களா?" என்று வாரம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்.

போன வருஷம் தகரம் கிழித்து அண்ணனின் இடது உள்ளங்கையில் பதினோரு தையல். இரண்டு மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். வேலை இல்லாத மேஸ்திரியை வீட்டில் வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுப்படி டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். என் அலமாரிக் கதவைக் கழற்றி மாட்டினார். மறுநாள் மறுபடி கழற்றினார். அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடி நாய்க் காப்பகத்து அம்மா, நாய்களுக்குப் படுக்கையாகப் போடக் கிழிந்த மெத்தை கேட்டு கீழே கடைக்கு வந்தார்.

"குட்டி ஒண்ணு இருக்கும்மா, ரெண்டு மாசம் ஆகுது. காப்பகத்துல பெரிய நாய்ங்களோட விட முடியல. யாராவது வீட்டுல வச்சு, ஊசி போட்டு, நல்லாப் பழக்கிக் கொடுத்தா, நான் நல்ல இடமாப் பாத்துத் தத்துக் கொடுத்துடுவேன்" என்று அங்கே நின்றிருந்த என்னிடம் சொன்னார்.

மெத்தைக் கடைக்காரர் உடனே கையைத் தூக்கினார். "ரெண்டே மாசம்தான். அதுக்கு மேல ஒரு நாள் இருந்தாலும் குட்டியோட சேர்ந்து நீங்களும் கிளம்பிடணும்."

அண்ணனிடம் வந்து, "நாய்க்குட்டி. ரெண்டு மாசம். வளத்துக் கொடுக்கணுமாம்" என்றேன். அவர் உடனே, "வேலையா?" என்று கேட்டார். ஆமாம், வேலைதான் என்றேன். ஆளின் முகம் மாறிவிட்டது.

உள்ளங்கை அளவு பழுப்பு நிறக் குட்டி. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். அண்ணன் அதற்கு நட்டு என்று பேர் வைத்தார். வந்த அன்றே என் செருப்பு ஒன்றை நார் நாராக்கியது. மறுநாள் என் சீருடைச் சேலையின் முந்தானை போனது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, என் நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கும், நான் நின்றுகொண்டு காப்பி குடிப்பேன். "பேருக்கு ஏத்த மாதிரி நட்டு கழண்ட கேசு அண்ணா இது" என்றால் அண்ணன் வாயைத் திறந்து சத்தம் போட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் பல வருஷமாகக் கேட்டிருக்கவில்லை.

விளையாட்டு என்றால் அப்படி ஒரு விளையாட்டு. பலகைத் தரையில் ஓடி வந்து, நிற்க முடியாமல் சறுக்கி, சுவரில் மோதி, என்னவோ சுவர்தான் தப்புச் செய்த மாதிரி திரும்பி அதை முறைக்கும். அண்ணன் கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, மற்ற கையால் பழைய காலுறையை இழுக்க, அது மறு முனையை இழுக்கும். நான் வேலைக்குக் கிளம்பும்போது நடந்துகொண்டிருக்கும் இழுபறி, மாலையில் வரும்போதும் நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் பகலில் அவர் விளையாடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. செய்தித்தாளில் ஒன்றுக்குப் போகப் பழக்கினார். கழுத்துப்பட்டை, கயிறு, குளியல், நகம் வெட்டல், வாயைத் திறந்து பல் காட்டல் எல்லாம் ஒவ்வொன்றாக. ஊசி போட இரண்டு தடவையும் நான் லீவு போட்டுக் கூடப் போனேன். ஒரு நாள், "எதுக்கு இவ்வளவு மெனக்கெடற? அங்க போனா அவங்க பழக்கிப்பாங்க" என்றேன். "ஒழுகாமப் பாத்துத்தான் அனுப்பணும்" என்றார். தொட்டிக்குச் சொல்வதை நாய்க்கும் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

குட்டி கொஞ்ச நாளில் குரைப்பதை விட்டுவிட்டது. குரைத்து அவரிடம் ஒன்றும் நடக்கவில்லை அல்லவா. அதற்குப் பதில் வந்து கால்சட்டை விளிம்பைப் பல்லால் பிடித்து இரண்டு இழு இழுக்கும். பசித்தாலும் இழுக்கும், சிவப்பு விளக்கு எரிந்தாலும் இழுக்கும். அவரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தன் குரலில் அவருக்கு என்ன நம்பிக்கை. காலால் இரண்டு தட்டு. எங்கே இருந்தாலும் பறந்து வந்து நிற்கும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்காரும். எனக்கோ அந்தத் தட்டல் எல்லாம் தேவையே இல்லை என்று நினைப்பு. மாலையில் படியேறி வந்து, "நட்டு!" என்றால் ஓடி வந்து என் மேல் ஏறிவிடும். பேர் சொன்னால் வருகிறது, சமத்துக் குட்டி என்று காப்பகத்துப் படிவத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். குரைக்காது, கடிக்காது என்றும் எழுதினேன்.

இரண்டு மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் ஆறு வயது மகளும் பார்க்க வந்தார்கள். பொண்ணு பார்க்க வருகிற மாதிரி நான் வீட்டை மெழுகாத குறையாகத் துடைத்து வைத்திருந்தேன். அண்ணன் குட்டிக்கு உடம்பு துடைத்து, தானும் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். "நட்டு, இங்க வா!" என்று கூப்பிட்டேன். குட்டி ஓடி வந்தது. டாக்டரின் மகள் கைதட்டினாள். எல்லாம் நல்லபடியாக நடந்தது. அவர்கள் எழுந்தபோது அண்ணன் முன்னால் வந்தார்.

வந்து டாக்டரைப் பார்த்துக் காலால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். பலகை அதிர்ந்தது. டாக்டரின் மனைவி மகளை இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டார். அண்ணன் குட்டியைக் காட்டினார், தன் காலைக் காட்டினார், கால்சட்டை விளிம்பைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பெரிய குரலில் சொல்லவும் சொன்னார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது: "பேர் சொன்னா வராது. காலைத் தட்டினாத்தான் வரும். குரைக்காது, துணியப் புடிச்சு இழுக்கும், அது கடி இல்ல, கூப்பிடுது. அடிச்சிடாதீங்க. மெதுவா உங்க வழிக்கு மாத்திக்கலாம், ஒரு மாசம் ஆகும்."

அவர்கள் முகத்தில் பயம் இருந்தது. எனக்கு அந்தப் பயத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் ஐம்பத்தோரு வயது மனுஷன் தரையை உதைத்துக்கொண்டு நிற்பது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது மறைத்து என்ன, வெட்கமாகத்தான் இருந்தது. பேர் சொன்னால் வராது என்கிறாரே, இப்போதுதானே என் குரலுக்கு வந்தது என்றும் நினைத்தேன்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் டாக்டர்.

"பத்திரமாப் பாத்துக்கச் சொல்றாரு" என்றேன்.

டாக்டர் அண்ணனைப் பார்த்துச் சிரித்து, தலையாட்டி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அண்ணன் நம்பினார். குட்டியை ஒரு தடவை முகத்தோடு அணைத்துவிட்டு, தானே கீழே கொண்டுபோய்க் காரில் வைத்தார். மேலே வந்து, "நல்ல மனுஷன், பொறுமையாக் கேட்டார்" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் கவுண்டரில் கூட்டம் அலைமோதும் நேரத்தில் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. குட்டிக்குக் காது சரியாக் கேக்குதா? எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பவே மாட்டேங்குது. பொண்ணோட கவுனை வேற கடிச்சு இழுக்குது. செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி இருக்குங்க."

எல்லாரும் சொல்கிற பழமொழிதான். அந்த மனுஷன் யோசித்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பழமொழியைச் சொல்லக் கூடாது. சின்ன வயதில் அதைச் சொன்ன ஒரு பையனின் மூக்கை நான் உடைத்திருக்கிறேன். எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"எங்க வீட்டுல கூப்பிட்டாப் பறந்து வந்துச்சு, நீங்களே பாத்தீங்க. குட்டின்னா இழுக்கத்தான் செய்யும். இதுக்கே இவ்வளவு அலுத்துக்கிட்டா எதுக்குங்க தத்தெடுக்க வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். சாயங்காலம் அண்ணன், "போன் வந்துச்சா? எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்காம்" என்றேன்.

அதற்கும் மூன்று நாள் கழித்து, என் பக்கத்துக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க ஏன் யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் மொதல்ல காலால டக் டக்னு தட்டறீங்க?"

"நானா?"

"ஆமாக்கா. இப்பக்கூட 'நானா'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி தட்டினீங்க."

குனிந்து என் காலைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் கால் எனக்கே தெரிந்தது. நாலு வயதிலிருந்து அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தட்டாமல் எனக்குப் பேச்சே தொடங்காது போலிருக்கிறது. குட்டி என் குரலுக்கு வந்ததே இல்லை. "நட்டு" என்று நான் சொல்வதற்கு முன்னால் என் கால் கூப்பிட்டிருக்கிறது, அதற்குத்தான் அது வந்திருக்கிறது. அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை.

உடனே டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார்.

"நேத்து காலையில காரை வெளிய எடுக்கறப்போ கேட் வழியா ஓடிடுச்சும்மா. விளையாட்டா ஒரு காகிதத்தைத் துரத்திக்கிட்டுத்தான் போச்சு. நானும் என் பொண்ணும் தொண்டை கிழியக் கத்தினோம். பக்கத்துலதான் இருந்துச்சு, ஒரு தடவைகூடத் திரும்பல. மூலை திரும்பிப் போயிடுச்சு. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன், நீங்க அன்னைக்குக் கோவமாப் பேசினீங்களேன்னு..." என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. பின்னால் குழந்தை அழுவதும் கேட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காலால் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையே தட்டியிருக்கும்.

அண்ணனிடம் குட்டி ஓடிவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர் ஏன் என்று கேட்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

டாக்டரின் வீடு நகரத்தின் மறு பக்கத்தில். அடுத்தடுத்து ஒரே மாதிரி வீடுகள், உயரமான சுற்றுச்சுவர்கள், கார்கள். ஒவ்வொரு தெரு மூலையிலும் அண்ணன் நின்று காலால் இரண்டு தட்டுவார். அங்கே பலகைத் தரை இல்லை, தார்ச்சாலை. சத்தம் போதாது என்று நினைத்து ஒரு சாக்கடை இரும்பு மூடியின் மேல் ஏறி நின்று தட்டுவார். தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். எங்காவது ஒரு சுவருக்குப் பின்னால் நகம் பிறாண்டும் சத்தம், கழுத்துப்பட்டை உரசும் சத்தம் ஏதாவது கேட்டதா என்று என்னைத்தானே கேட்க வேண்டும். குரைக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது, அதைத்தான் அது மறந்துவிட்டதே. நான் உதட்டைப் பிதுக்குவேன். அடுத்த மூலைக்கு நடப்போம். சிலர் வாசலில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் பைத்தியமா என்று கையால் சைகை செய்து என்னைக் கேட்டார். அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை. டாக்டர் வீட்டுக்கு வந்த அன்றும் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரம் எல்லா மாலையும் போனோம். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் போனோம். கை ஆறி அவர் பட்டறைக்குத் திரும்பிய பிறகும் நிறுத்தவில்லை. காப்பகத்து அம்மாவும் தேடினார். டாக்டர் தன் செலவில் படம் அச்சடித்து ஒட்டினார். அந்தப் படத்தின் கீழேயும் 'காது கேட்காத குட்டி' என்று போட்டிருந்தது. அண்ணன் ஒரு விளக்குக் கம்பத்தில் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நின்றுவிட்டார்.

"காது கேக்குமே அதுக்கு" என்றார்.

நான் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தேன்.

"நான்தான் அன்னைக்கே எல்லாம் சொன்னேனே. அவரும் தலையாட்டினாரே." கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டினார். "என் பேச்சு அப்படி, பாப்பா. அவருக்குப் புரிஞ்சிருக்காது. நான் இன்னும் நல்லாச் சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் அப்படியே நம்பிக்கொண்டு இருந்திருப்பார். சாகும் வரைக்கும் தன் நாக்கையே குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பார். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அவர் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பி, அந்தக் கம்பத்தின் கீழேயே நின்று, மெதுவாக, உதடு தெளிவாகத் தெரியும்படி முழுவதும் சொன்னேன். "நீ தெளிவாத்தான் சொன்ன, அண்ணா. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சது. நான்தான் அவங்ககிட்ட சொல்லல. பத்திரமாப் பாத்துக்கச் சொல்றாருன்னு மட்டும் சொன்னேன். நீ காலைத் தட்டினது எனக்கு வெக்கமா இருந்துச்சு." டாக்டர் போன் பண்ணியதையும், நான் கத்திவிட்டு வைத்ததையும், நல்லா இருக்காம் என்று பொய் சொன்னதையும், என் காலைப் பற்றி அந்தப் பெண் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

அவர் கண் என் உதட்டை விட்டு நகரவே இல்லை. நான் முடித்த பிறகும் இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ இத்தன வருஷமா?" என்று கேட்டார்.

கடைக்காரர், டாக்டர், முதலாளி, அவரை மாப்பிள்ளை கேட்டு வந்து திரும்பிப் போன அந்த ஒரே குடும்பம் என்று எல்லா முகங்களும் அவர் கண்ணுக்குள் வரிசையாக வந்து போவது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொருவரிடமும் அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எதிரே ஒரு மாடி வீட்டுக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் படத்தைக் கம்பத்திலிருந்து உரித்து எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் திரும்பி, வேண்டாம் என்று எனக்குக் கை காட்டிவிட்டு, அந்த மனிதரிடம் தானே பேசத் தொடங்கினார். பாதி வார்த்தை கத்தலாகவும் பாதி வார்த்தை விழுங்கலாகவும் இருந்தது. அந்த மனிதர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, என்னம்மா சொல்கிறார் என்று அண்ணனின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.